பெருந்தொண்டரின் சிறு பொழுதுகள்

பெரியோர் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்கள் நடத்திய மாநாடுகளையும், இயற்றிய நூல்களையும், வகித்த பதவிகளையும் வரிசைப்படுத்தி அத்துடன் முடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அப்பெரியோர் மாலை வேளையில் எங்கு அமர்ந்தனர், இரவில் எதை உண்டு படித்தனர், வேலை ஓய்ந்தபோது எதில் மனம் மகிழ்ந்தனர் என்பவற்றை நாம் கேட்பதில்லை. அவை அற்பச் செய்திகள் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயின், மனித வாழ்வின் பெரும் பகுதி இத்தகைய அற்பப் பொழுதுகளாலேயே ஆகியிருக்கிறது.

பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வரலாற்றை நம் சங்கத்தார் ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் நாளிலும், டிசம்பர் 6-ஆம் நாளிலும் எடுத்தோதி வருகின்றனர். அவ்வரலாறு நமக்குப் புதியதன்று. எனினும், ஓய்வு என்பதையே அறியாதவர் என்று நாம் போற்றும் அப்பெருமகனார், தம் நாட்களின் சிறு பொழுதுகளை எவ்வாறு நடத்தினார் என்பதை மட்டும் ஈண்டுத் தனியே எடுத்து நோக்குவோம். பொதுத் தொண்டிலும் வயிற்றுப்பாட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும் நமக்கு அதில் கற்றுக்கொள்ளத்தக்கது உண்டு.

ஒரு குவளைத் தண்ணீர்

பீமராவ் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவில் மோவ் என்னும் இராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். தாயார் பீமாபாய், பிள்ளை சிறு பருவம் கடக்குமுன்னரே காலமாயினார். குடும்பம் சதாராவில் தங்கியபோது பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கே அவருக்கு வகுப்பின் ஒரு மூலையே இடம். வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துண்டே ஆசனம். தாகம் எடுத்தால் தாமே குழாயைத் தொடலாகாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட்டால் குடிக்கலாம். அவன் வராத நாளில் தண்ணீர் இல்லை. நாவிதர் முடி வெட்ட மாட்டார் ஆதலின், தமக்கையாரே அவருக்கு முடி திருத்திவிட்டார்.

1901-ஆம் ஆண்டில் கோரேகாவில் பணியிலிருந்த தந்தையாரைக் காண, தமையனாருடனும் தமக்கை மக்களுடனும் சிறுவர் இரயில் ஏறினார். மசூர் நிலையத்தில் இறங்கியபின், இவர்கள் இன்னார் என அறிந்த வண்டிக்காரர் எவரும் ஏற்றிச் செல்ல இசையவில்லை. இரு மடங்கு கூலி பெற்றுக்கொண்டு, சிறுவர்களே வண்டியை ஓட்டட்டும், தான் உடன் வருவதாக ஒருவன் ஒப்பினான். கையில் உணவு இருந்தது. ஆயினும், குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் ஒருவரும் இன்மையால் அன்றிரவு அச்சிறுவர்கள் பசியோடு கிடந்தனர்.

அன்பர்களே! அன்றாட வாழ்வின் சிறு இன்பங்கள் என்று உலகத்தார் பேசும்பொழுது, அவர்கள் குறிப்பவை எவை? தாகத்திற்கு ஒரு வாய் நீர், நிழலில் ஓர் இருக்கை, பயணத்தில் ஒரு நற்சொல் என்பனவே. இவை யாவும் நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டிருந்தன. ஆகவே பிறருக்கு அற்பமாயிருக்கும் பொருள் நமக்கு அற்பமன்று என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

விளக்கொளியும் பூங்காவும்

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, பரேல் பகுதியில் தொழிலாளர் வாழும் சாவடி ஒன்றில் ஒரே அறையில் வசித்தது. அவ்வறையே சமையற்கட்டு, அதுவே படுக்கையறை, அதுவே படிப்பறை. இருவர் நீட்டிப் படுக்க இடமில்லை. ஆதலின் தந்தையார் பின்னிரவு இரண்டு மணி வரை தாம் விழித்திருந்து மகனை உறங்கவிடுவார். பின் மகனை எழுப்பிப் படிக்கவைத்து, அவன் கிடந்த இடத்தில் தாம் படுப்பார். ஊரடங்கிய வேளையில் மங்கிய மண்ணெண்ணெய் விளக்கின் முன் அப்பிள்ளை படித்தான். மகன் விரும்பிய புத்தகம் வாங்கக் கையில் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற பெண்களிடம் அத்தந்தை கடன் பெற்று வாங்கித் தந்தார். வறுமைமிக்க அவ்வறையில் தந்தையும் மகனும் மாறி மாறி விழித்திருந்த அந்தப் பின்னிரவுப் பொழுதுகளே பிற்காலத்துப் பேரறிஞரை ஆக்கின எனலாம்.

இரைச்சல் மிகுந்த அவ்வீட்டை விட்டு, மாலை வேளைகளில் சர்னி ரோடு பூங்காவுக்குச் சென்று தனியே அமர்ந்து படிப்பது அவருக்கு வழக்கமாயிற்று. விளையாடித் திரியும் வயதில் நாள்தோறும் ஒரு மாணவன் புத்தகமும் கையுமாக அமர்ந்திருப்பதை, அங்கு வரும் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் கண்டார். அவர் மராத்தி நூலாசிரியருமாவார். அவர் அம்மாணவனோடு பேசினார், தக்க நூல்களைத் தந்து உதவினார். 1907-ஆம் ஆண்டில் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் பெருமானின் சரிதத்தைப் பரிசாக அளித்தார்.

இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்கள் திரிசரணம் அடைந்தனர். அப்பெருவெள்ளத்தின் ஊற்றுக்கண்களுள் ஒன்று, பூங்கா ஒன்றில் ஒரு மாணவன் கழித்த மாலைப் பொழுதுகளும், ஒரு முதியவர் அவனிடம் நின்று பேசிய சில நிமிடங்களுமே. வேலை மிகுதி என்று கேளுஸ்கர் அன்று கடந்துபோயிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எவர் சொல்ல வல்லார்!

அயல்நாட்டில்

பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, 1913-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே நாள் முழுதும் படிப்பே தொழிலாயிற்று. எனினும் ஓர் இன்பத்தை அவர் விட்டாரில்லை. ஓய்வு கிடைத்த வேளையில் நியூயார்க் நகரின் பழைய புத்தகக் கடைகளில் புகுந்து, ஏடுகளைப் புரட்டி, குறைந்த விலைக்கு வாங்கி மகிழ்வார். இவ்வாறு சேர்ந்த புத்தகங்கள் சுமார் 2,000. முதல் உலகப் போரின்போது அவருடைய மூட்டைகளை ஏற்றிவந்த கப்பல் 1917-ஆம் ஆண்டில் தாக்கப்பட்டு மூழ்கியது. சேர்த்த செல்வம் போயிற்று. புத்தகம் தேடும் இன்பமோ போகவில்லை. இறுதி நாள் வரை அவ்வின்பம் அவரோடிருந்தது.

1920-ஆம் ஆண்டில் விட்ட படிப்பைத் தொடர மீண்டும் லண்டன் சேர்ந்தார். காலையில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் திறக்கும்போதே நுழைந்து, மூடும்போது வெளியேறுவார். விடுதித் தலைவி கொடுத்த காலை உணவு ஒரு துண்டு ரொட்டியும் சிறிது மீனுமே. இரவு பத்து மணிக்குப் பசி தாங்காது. அப்போது பழக்கமான குஜராத்தியர் ஒருவர் தந்திருந்த அப்பளங்களில் நான்கைத் தகரத் தட்டிலிட்டு வாட்டி, ஒரு கிண்ணம் பானத்துடன் உண்டு, மீண்டும் புத்தகத்தை விரிப்பார். அந்நிய நாட்டுக் குளிரில் அப்பளம் வறுபடும் மணம் அவருக்கு எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும் என்பதை, வீட்டை விட்டு வேற்றூரில் பிழைக்கும் நம்மவர் எளிதில் உணர்வர். 1923-ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக் கழகம் அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் அளித்தது. பாரிஸ்டராகவும் ஆனார்.

கொடுத்த விலை

இங்கே ஒன்றை மறையாது கூறுதல் நம் கடமை. அவர் அயல்நாட்டில் கற்ற காலத்தில், துணைவியார் ரமாபாய் பம்பாயில் வறுமையோடு போராடிக் குடும்பம் காத்தார். அவ்விருவர்க்கும் பிறந்த மக்கள் ஐவர். அவருள் யசுவந்தர் ஒருவரே நிலைத்தார். மூன்று ஆண் மக்களும் ஒரு பெண் மகவும் இளமையிலேயே மறைந்தனர். கடைக்குட்டியான ராஜரத்தினம் 1926-ஆம் ஆண்டில் மாண்டபோது பாபாசாகேப் நிலைகுலைந்தார். மக்களோடு தம் வாழ்வின் இனிமையும் போயிற்றென்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வருந்தினார்.

தாதரில் அவர் ஒரு வீடு கட்டினார். பண்டை மகத நாட்டின் தலைநகர்ப் பெயரால் அதற்கு இராஜகிருகம் என்று பெயரிட்டார். அதன் அறைகள் புத்தகங்களால் நிறைந்தன. ஆனால், ஒரே அறையில் துன்புற்ற ரமாபாய் அம்மையார் அவ்வீட்டில் நெடுநாள் வாழக் கொடுத்துவைக்கவில்லை. 1935-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் காலமானார். அம்மையாருடன் அமர்ந்து பேச ஓய்வு கிட்டாத ஆண்டுகள் பல. பின்னர்ப் பாகிஸ்தான் பிரச்சினையைப் பற்றித் தாம் எழுதிய பெரிய நூலை அம்மையாரின் நினைவுக்கே அவர் உரிமையாக்கினார். நூலை உரிமையாக்கலாம். போன மாலைப் பொழுதை எவ்வாறு மீட்பது?

இதனால் அவரைக் குறை கூறுகிறோம் என்று எவரும் கொள்ளற்க. தம் வீட்டு விளக்கை அணையவிட்டு நம் வீடுகளில் விளக்கேற்றியவர் அவர். அவர் இழந்தது இன்னதென்று அறிந்தால்தான், நாம் பெற்றது இன்னதென்று அறிவோம்.

குளக்கரையும் தொழிற்சாலையும்

1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் மஹத் நகரில் நிகழ்ந்ததை நாம் அனைவரும் அறிவோம். சவுதார் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிட நகராண்மைக் கழகம் முன்னரே தீர்மானித்திருந்தும், அத்தீர்மானம் ஏட்டில் கிடந்தது. பாபாசாகேப் மக்களோடு அணிவகுத்துச் சென்று, கரையிறங்கி, கையால் நீரை அள்ளிப் பருகினார். அவர் செய்தது அவ்வளவே. அதற்காக மக்கள் அடிபட்டனர். குளத்திற்குத் தீட்டுக்கழிக்கும் சடங்கு செய்யப்பட்டது. வழக்கு பத்தாண்டு நடந்து, 1937-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வெற்றியாய் முடிந்தது. சதாராப் பள்ளியிலும் மசூர்ச் சாலையிலும் மறுக்கப்பட்ட அந்த ஒரு வாய்த் தண்ணீரையே அவர் அன்று மீட்டார்.

1942-ஆம் ஆண்டு முதல் 1946-ஆம் ஆண்டு வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்தார். அக்காலத்தில் இரு சீர்திருத்தங்கள் நிறைவேறின. ஆலைத் தொழிலாளர்க்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை 1945-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் கிடைத்தது. ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்திற்கு 54 மணியாயிருந்த உச்ச வேலை நேரம் 1946-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 48 மணியாகக் குறைந்தது. ஆறு மணி நேரம் என்பது கணக்கில் சிறிது. தறியின் முன் நின்று கால் வீங்கியவனுக்கோ அது பெரிது. குழந்தையை மடியில் வைத்திருக்கவும், கடிதம் எழுதவும், ஒரு பக்கம் படிக்கவும் அவனுக்கு அதில் பொழுது கிடைத்தது.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. மனிதனை விலங்கினின்றும் பிரிப்பது பண்பாடு, பண்பாடு வளர ஓய்வு வேண்டும், உழைப்போர்க்கும் அவ்வோய்வு கிடைக்கச் செய்வதே இயந்திரத்தின் பயன் என்னும் கருத்தை அவர் அந்நாட்களில் தம் நூலில் வாதித்துரைத்தார். ஓய்வு ஒரு சிலரின் சொத்தாயிருப்பதும், உழைப்பு மற்றையோரின் விதியாயிருப்பதும் அநீதி என்பதே அவர் கொள்கை. ஆகவே சிறு பொழுதின் இன்பத்தை அவர் தனி மனிதனின் பொழுதுபோக்காகக் கருதவில்லை, யாவர்க்கும் உரிய உரிமையாகக் கருதினார்.

வேலைக் கடலின் நடுவே

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அரசியல் சட்ட வரைவுக் குழு அமைக்கப்பட்டது. உறுப்பினர் எழுவர். ஒருவர் பதவி விலக, ஒருவர் மறைய, ஒருவர் அயல்நாடு செல்ல, இவ்வாறு பலவற்றால் பாரம் முழுதும் தலைவர் தோளிலேயே விழுந்ததை, நம் தமிழகத்தவரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948-ஆம் ஆண்டு நவம்பரில் அச்சபையிலேயே எடுத்துக் கூறினார். நீரிழிவும் கால் நரம்பு வலியும் அவரை வருத்திய காலம் அது. அவ்வாண்டு ஏப்ரலில் டாக்டர் சவிதா அம்மையார் அவரைக் கைப்பிடித்து, உடல்நலம் பேணும் பொறுப்பை ஏற்றார்.

அவ்வளவு வேலைக்கிடையில், அதே 1948-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசு ஆங்கிலத்தில் இயற்றிய பௌத்த நூலின் மூன்றாம் பதிப்புக்கு முன்னுரை எழுதித் தந்தார். மறைந்த அறிஞர் ஒருவரின் நூல் மறையாதிருக்கவேண்டும் என்பதற்காக அவர் ஒதுக்கிய அப்பொழுது, தென்னாட்டுப் பௌத்தராகிய நமக்கு என்றும் நன்றிக்குரியது.

டில்லியில் வாழ்ந்த அவ்வாண்டுகளில் வீட்டுத் தோட்டத்தில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. நாய் வளர்த்து அதன்பால் பேரன்பு பாராட்டினார். நல்ல பேனாக்களைச் சேர்த்து வைத்து அவற்றால் எழுதி மகிழ்ந்தார். மனம் வந்தபோது தாமே சமைத்து நண்பர்க்குப் பரிமாறியதுண்டு. முதுமை நெருங்கும் பருவத்தில் ஆசிரியரை அமர்த்தி வயலின் கற்றார். தூரிகை பிடித்து ஓவியமும் பழகினார். வயலினில் அவர் வல்லவராகவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை, அவரும் எதிர்பார்த்திரார். புதிதாக ஒன்றைக் கற்கும் இன்பத்திற்காகவே கற்றார். உலகம் வியக்கும் சட்ட அறிஞர், பாலபாட மாணவராய் வில்லைப் பிடித்து அமர்ந்த காட்சியை எண்ணும்தோறும் நம் உள்ளம் நெகிழ்கிறது.

கடைசி இரவு

நாகபுரித் தீட்சைக்குப்பின் நவம்பரில் காட்மாண்டு பௌத்த மாநாட்டிற் கலந்து, புனிதத் தலங்களைத் தரிசித்து, டில்லி திரும்பினார். உடல் மிகவும் தளர்ந்திருந்தது. டிசம்பர் 5-ஆம் நாள் இரவு, அலிப்பூர் சாலை 26-ஆம் எண் இல்லத்தில் சமண சமயப் பெரியோர் சிலர் வந்து பேசிச் சென்றனர். அதன்பின் நிகழ்ந்தவற்றை உடனிருந்த செயலாளர் நானக் சந்த் ரத்து எழுதி வைத்திருக்கிறார்.

பாபாசாகேப் கண்களை மூடி, சோபாவின் கையில் விரல்களால் தாளமிட்டு, சரண கீதத்தை மெல்ல முணுமுணுத்தார். ரேடியோகிராமில் அவ்விசைத் தட்டை வைக்கச் சொல்லி அதனோடு தாமும் பாடினார். சிறிது சோறு உண்டார். தடியூன்றி நடக்கையில் வழியிலுள்ள அலமாரிகளிலிருந்து சில புத்தகங்களை எடுத்துக்கொண்டார். கபீரின் பாடல் ஒன்றைத் தமக்குள் பாடினார். பின்னர், தாம் எழுதி முடித்த புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலின் முன்னுரையை மேசையில் கொண்டுவந்து வைக்கும்படி பணித்தார். இரவு பதினொரு மணிக்குமேல் ரத்து விடைபெற்றார். உறக்கத்திலேயே அப்பெருமகனார் பரிநிர்வாணமுற்றதை டிசம்பர் 6-ஆம் நாள் காலையில் கண்டனர். நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

தம் கடைசி இரவு என்று அறிந்து அவர் எதையும் செய்யவில்லை. ஒரு பாட்டு, ஒரு பிடி சோறு, கைக்கெட்டிய சில புத்தகங்கள், எழுதவேண்டிய சில பக்கங்கள் என்று வழக்கமான ஓர் இரவாகவே அது கழிந்தது. அவ்விரவில் வேலையும் இருந்தது, இசையும் இருந்தது. ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை.

நமக்குரியது

நடக்கும்பொழுதும், நிற்கும்பொழுதும், உண்ணும்பொழுதும், பருகும்பொழுதும் நினைவுடன் இருத்தல் வேண்டும் என்பது பகவான் புத்தரின் போதனை. அதனை விகாரையில் கண்மூடி அமர்வோர்க்கு மட்டும் உரியதென்று நினைத்தல் தவறு. ஆலைச் சங்கு ஊதியதும் ஓடுவோர்க்கும், அலுவலகத்தில் ஏடுகளிடையே மூழ்குவோர்க்கும், ஞாயிறுதோறும் கூட்டத்திலிருந்து கூட்டத்திற்கு விரையும் சங்கத் தொண்டர்க்கும் அது உரியதே.

தொண்டர் பலர், ஓய்வாக அமர்வதைக் குற்றம் எனக் கருதுகின்றனர். மனைவி பேச வரும்போது முகம் கொடுப்பதில்லை. குழந்தை சிலேட்டைக் காட்ட வரும்போது பிறகு என்கின்றனர். பாபாசாகேபின் உழைப்பை இவர்கள் பின்பற்றுவது போற்றத்தக்கது. ஆனால் அவர் எதற்காக உழைத்தார் என்பதை மறத்தலாகாது. தம் மக்களுடன் அமரும் பொழுதை அவர் இழந்தது, நம் மக்களுடன் அமரும் பொழுது நமக்குக் கிட்டவேண்டும் என்பதற்கன்றோ!

ஆதலின், நாளை காலை ஒரு குவளைத் தண்ணீரைக் கையில் எடுக்கும்போது, அதனை எவர் தடையுமின்றிப் பருகுகிறோம் என்பதை ஒரு கணம் நினைப்போமாக. மாலையில் விளக்கேற்றிப் பிள்ளைகளின் அருகே அமர்ந்து, அவர்கள் படிப்பதைச் சற்று நேரம் கேட்போமாக. பூங்காவிலோ தெருவிலோ தனித்திருந்து படிக்கும் ஏழைப் பிள்ளையைக் கண்டால், நின்று இரு வார்த்தை பேசி, இயன்றால் ஒரு புத்தகம் கொடுப்போமாக. இவை சிறு செயல்களே. ஆயினும் இவற்றைப் பெறவும் நிலைநாட்டவும் ஒரு பெருவாழ்வு முழுதும் செலவிடப்பட்டது என்பதை நாம் மறவாதிருப்போமாக.